கிளியின் கால்நோவும் வினைக்கொள்கையும்

பிறிதோர் உயிர் படுந் துன்பத்தைக் கண்டவிடத்து, "அஃது அவ்வுயிர் முன் செய்த வினையின் பயன், நுகர்ந்து கழித்தலே அதற்கு நலம், இடைப்புகுந்து மாற்ற நாம் யார்?" என்று கூறி வாளா இருத்தலைச் சைவ நன்மக்களிடத்தும் சிற்சில வேளைகளிற் காண்கின்றோம். இக்கூற்றுச் சித்தாந்தத்திற்கு இயைவதாமோ என்பதை ஒரு சிறு நிகழ்ச்சியை முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றேம். நிகழ்ச்சி ஒரு கிளியின் கால்வீக்கமேயாம். இத்துணைச் சிறியதொன்று இவ்விதழின் பக்கங்களுக்கு ஏற்றதோ என அன்பர் சிலர் ஐயுறலாம். பொன்னின் மாற்றறியக் குன்றிமணியளவு உரைப்பினும் போதுமன்றோ?

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்துக் கரைகடந்த கஜா புயல், தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியிலே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு முதலிய ஊர்களின் தென்னந்தோப்புக்களை வேரொடு சாய்த்தமை யாவரும் அறிவர். பட்டுப்போன தென்னையின் பொந்து கிளிக்கு விருப்பமான உறையுள். புயல் ஓய்ந்த மறுநாள், சாய்ந்த மரமொன்றின் அடியிற் சிறகு முறிந்து கிடந்த இளங்கிளி ஒன்றனை எம்மில்லத்தார் எடுத்து வந்தனர். சிறகெலும்பு நாளடைவிற் கூடிற்று. ஆயினும் வளைந்து கூடினமையால் பறத்தல் இயலவில்லை. கூண்டொன்று வாங்கி அதன்கண் இட்டு வளர்த்தோம். சம்பா அறுவடைக் காலத்தில் கதிரைக் கொய்து செல்லும் கிளிக்கூட்டத்தைத் தகரந்தட்டி ஓட்டும் அதே கைகள், வீட்டுக்கிளிக்கு நெல்லைக் கிண்ணத்தில் அளந்து வைத்தன. வயலிற் பகை, இல்லிற் செல்வம். எம் நாட்டில் இப்பறவையின் நிலை இது.

மூன்றாம் ஆண்டிற் கழுத்திற் செவ்வாரம் எழுந்தது. பிள்ளைகள் பயிற்றியவாறே "சிவசிவ" என்று சொல்லவும் கற்றது. காலையில் யாம் திருநீறு இடும்போது அது அங்ஙனம் ஒலித்தலைக் கேட்டவர், "இஃதன்றோ சைவ மனை" என்று வியந்தனர். அப்புகழுரையை யாமும் மறுத்திலேம்.

ஐந்தாம் ஆண்டில் அதன் இடக்கால் வீங்கிற்று. வீங்கிற்று என்று யாம் அறிந்த நாளைச் சொல்லுகின்றேமேயன்றி, நோய் தொடங்கிய நாளை அன்று. அதற்குப் பல திங்கள் முன்பிருந்தே அஃது ஒற்றைக்காலில் நிற்றலைக் கண்டிருந்தேம். பறவைகள் ஓய்வு கொள்ளும்பொழுது ஒருகாலைத் தூக்கி நிற்றல் இயல்பேயாகலின் அதனைப் பொருட்படுத்திலேம். நலமுற்ற கிளி இரு கால்களையும் மாறிமாறித் தூக்கும். எந்நேரமும் ஒரே காலைத் தூக்கி நிற்குமாயின் அஃது ஓய்வன்று, நோவு. இவ்வேறுபாட்டைப் பின்னரே கற்றேம். மேலும், பறவைகள் தம் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்பின. மெலிந்ததனையே பருந்து தேர்ந்தெடுக்குமாகலின், மெலிவு தோன்றாமல் நிற்றல் அவற்றிற்கு உயிர்க்காப்பு. நோயைக் காட்டும்போதே நோய் முதிர்ந்திருக்கும். யாம் கூண்டினின்றும் எடுத்துப் பார்த்தபோது உள்ளங்காலின் தோல் செதிற்கோடுகள் தேய்ந்து மினுமினுத்துச் சிவந்து, நடுவே கரிய பொருக்கொன்று பற்றியிருந்தது.

அன்று எம்மில்லத்திற்கு எழுந்தருளியிருந்த, மெய்கண்ட நூல்களிற் பயிற்சி மிக்க பெரியார் ஒருவர் அதனை நோக்கி, மேற்காட்டிய கூற்றைச் சொல்லினர். "பறவைப் பிறப்பிற்கு உரிய பிராரத்தம் அது, மருந்திட்டால் இன்று மறைந்து நாளை வேறோர் உருவில் வரும்" என்பது அவர் கருத்து. அவ்வுரை எமக்கு இனிதாயிருந்தது. இனிதாயிருந்தமையே அதனை ஐயுறுதற்குக் காரணமாயிருத்தல் வேண்டும். எமக்கோ ஒருவாரம் கழிந்தபின்னரே அவ்வையம் எழுந்தது.

அவருரையை முறையே ஆராய்வாம். உயிர் நுகரும் இன்பதுன்பங்கள் வினைப்பயன் என்பதும், நுகர்வுக்கு வந்தது நுகர்ந்தே கழிக்கப்படும் என்பதும் சித்தாந்தத்தில் நிறுவப்பட்டவை; அவற்றை யாம் மறுக்கின்றிலேம். வினையோ சடம்; தானே சென்று செய்தவனைப் பற்றாது. உயிரோ சிற்றறிவுடையது, தனக்கு உரியதனைத் தானே தேர்ந்து எடாது. ஆகவே வினைப்பயனை அளவறிந்து கூட்டுவிப்பான் முதல்வன் ஒருவனே என்பதும் உடன்பாடே. இவ்வளவிற்கும் ஒருப்பட்ட பின், ஒன்று வினாவுகின்றேம். இக்கிளிக்கு முதல்வன் வகுத்த துன்பம் எத்துணை, எந்நாள்காறும் என்பதைப் பெரியார் எவ்வாறு அறிந்தனர்? இன்று மாலையோடு அதன் அளவு நிறைந்து, நாளைக் காலை ஒருவன் கை மருந்தாய் வந்து தீர்த்தலும் அதன் பிராரத்தத்துள் அடங்கியதாகலாம் அன்றோ? துன்பம் வினைப்பயனாதல் போலத் துன்பம் நீங்குதலும் வினைப்பயனே. ஒன்றனை வினையென்று கொண்டு மற்றொன்றனை வினைக்கு மாறென்று தள்ளுவார், அளந்தறிவான் ஒருவனுக்கே உரிய இடத்தில் தம்மை வைத்துக்கொள்கின்றனர்.

சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இவ்விடத்திற்கு எடுத்த உவமை மருத்துவனே என்பதை நினைவுகூர்தல் நலம். மருத்துவன் சில நோயை அறுத்துங் கீறியுந் தீர்ப்பான், சில நோயைப் பாலும் கட்டியும் ஊட்டித் தீர்ப்பான். இறைவனும் அவ்வாறே இன்பமும் துன்பமும் நுகர்வித்து வினையை அறுப்பான் என்பது அதன் பொருள். மருத்துவஞ் செய்தல் வினைக்கு மாறுபட்ட பிழையாயின், இறைவன் அருட்செயலுக்கு அதனை உவமையாக்கல் எங்ஙனம் பொருந்தும்? இன்னும் ஒன்று. பெரியார்க்குப் பல் நோவெடுத்த காலத்து அவர் கும்பகோணத்துப் பல் மருத்துவரிடம் சென்றதை யாம் அறிவேம். தம் பல்லுக்கு ஒரு சித்தாந்தமும் கிளியின் காலுக்கு ஒரு சித்தாந்தமும் இருத்தல் ஆகாது. இதனை அவரிடமே சொன்னேம். நகைத்தனரேயன்றி மறுமொழி தந்திலர்.

பறவை தாழ்ந்த பிறப்பாகலின் அதன் நோவும் குறைந்தது என்பாரும் உளர். எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதத்துள் பறவைக்குப் பத்து நூறாயிரம் என எண்ணிய நூலோர், அவ்வெல்லாவற்றுள்ளும் புக்குழல்வது ஒருதன்மைத்தாய ஆன்மாவே என்றனர். நிலைமொழி அறியாத கிளி என்று இகழவும் இடமில்லை. தொல்காப்பிய மரபியலுக்கு உரைகண்டார் கிளியையும் குரங்கையும் யானையையும் மனவுணர்வுடையவற்றுள் வைத்து எண்ணினர். இது கிடக்க.

ஒருவாரம் கழித்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கிளியைக் கொண்டுசென்றேம். அதற்குள் மஞ்சளை எண்ணெயிற் குழைத்து யாமே பூசியிருந்தேம். அவர் காலைப் பார்க்குமுன், "கூண்டைக் கொணர்ந்தீர்களா?" என்று வினவினர். யாம் கொண்டுசென்றிலேம். "நோய் அங்கேயன்றோ உள்ளது" என்று சொல்லி, கூண்டினுள் இருந்த கோல் எத்தகையது, தரை எத்தகையது, உணவு யாது என ஒவ்வொன்றாகக் கேட்டனர்.

அவர் விளக்கியது இது. கிளியின் அடி நாற்றிசை விரிந்த விரலுடையதன்று. இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகப் பற்றுதற்கென்றே அமைந்தது. காட்டிலும் தோப்பிலும் அது பற்றும் கொம்புகள் ஒன்று பருத்தும் ஒன்று சிறுத்தும், ஒன்று சொரசொரத்தும் ஒன்று வழுவழுத்தும் இருக்கும். ஆகவே உடலின் பாரம் உள்ளங்காலின் ஓரிடத்தே நில்லாது இடந்தோறும் மாறிக்கொண்டிருக்கும். கூண்டிலோ ஒரே பருமனான ஒற்றைக்கோல். அதன்மேல் ஐந்தாண்டு இரவும் பகலும் நின்ற காலில் ஒரே புள்ளியிற் பாரம் அழுந்த, அவ்விடம் முதலிற் சிவந்து, பின் காய்த்து, பின் வெடிக்கும். வெடிப்பின் வழியே நுண்கிருமி புகும். கவனியாதுவிடின் தசைநாணையும் எலும்பையும் பற்றும். இதனை மேனாட்டு மருத்துவர் "பம்பிள்ஃபுட்" என வழங்குவர். விதையுணவே உண்ணுங் கிளிக்கு வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்துக் குறைவதனால் தோல் தன் உறுதியை இழக்கும். பறவாதிருத்தலாற் கொழுப்பேறிப் பாரம் மிகும். எம் கிளிக்கு இம்மூன்றும் இருந்தன. நெல்லும் சூரியகாந்தி விதையும் அன்றி வேறொன்றும் யாம் இட்டிலேம். அது விரும்பி உண்டமையால் இட்டேம்.

கால்வீக்கம் எல்லாம் இந்நோய் என்று கொள்ளற்க என்றும் அவர் எச்சரித்தனர். நூலோ மயிரோ விரலிற் சுற்றி இறுகுதல், காலில் இட்ட வளையம் இறுகுதல், சிறுநீரகம் பழுதுற்று யூரிக் அமிலம் மூட்டுகளில் வெண்கட்டியாய்த் திரளுதல், எலும்பு முறிதல் என வேறு காரணங்களும் உள. தோற்றம் ஒன்று, முதல் வெவ்வேறு. இறுகிய வளையத்தை வீட்டிலே வெட்ட முயன்று காலையே முறித்தோரும் உளராம். எண்ணெய் பூசியமைக்கு எம்மைக் கடிந்தனர். இறகில் எண்ணெய் படின் அஃது உடற்சூட்டைக் காக்கும் ஆற்றலை இழக்கும். மக்களுக்கு உரிய நோவுமாத்திரையைப் பொடித்து ஊட்டுதலும், பொருக்கைக் கத்தியாற் பெயர்த்தலும் உயிர்க்கே ஊறு என்றனர்.

செய்த மருத்துவத்தை விரித்தல் வேண்டா. புண்ணைக் கழுவி மருந்திட்டுக் கட்டினர். உள்ளுக்கும் மருந்து தந்தனர். கட்டு மாற்ற மும்முறை சென்றேம். அவர் எமக்கிட்ட வேலையே பெரிது. ஒற்றைக்கோலை நீக்கி, வெவ்வேறு பருமனுள்ள கொய்யாக் கொம்புகளையும் வேப்பங் கொம்புகளையும் கழுவிப் பொருத்தி, ஒன்றில் மெல்லிய பருத்தித்துணி சுற்றி, கம்பித்தரையின்மேல் தாள் விரித்து நாடோறும் மாற்றினேம். முருங்கைக்கீரை, பப்பாளிப்பழம், சிவந்த மிளகாய், கேரட்டு இவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கினேம். கிளிக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. முதல் இருவாரம் கீரையைத் தூக்கியெறிந்தது. பின்னர் உண்டது. மூன்று திங்களிற் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் மூடிற்று.

கொம்புகளை மாற்றி முடித்த அன்றிரவு எமக்குத் தோன்றியதே இக்கட்டுரைக்கு மூலம். கிளியின் துன்பம் அதன் வினைப்பயனே ஆகுக. வினைப்பயன் ஏதேனும் ஒரு வாயிலான் அன்றி வந்து கூடாது. இத்துன்பத்திற்கு வாயில் யாது? புயலன்று, பருந்தன்று, யாம் கடையில் தேர்ந்து வாங்கிய கோல். பிராரத்தம் கிளியினது, அதற்கு வாயிலாய் நின்றமையான் விளையும் ஆகாமியமோ எம்முடையது. "அதன் வினை" என்று யாம் சொன்ன ஒருவாரமும், எம் வினையை அதன் பெயரில் எழுதிவைத்தேம். வினைக்கொள்கை தன்னை நோக்கிச் சொல்லும்பொழுது தன் செயலைத் திருத்துங் கருவியாகும். பிறரை நோக்கிச் சொல்லும்பொழுதோ பெரும்பாலும் தன் கையைக் கழுவும் நீராகிவிடுகின்றது.

"அறியாது செய்தீர், கருத்தின்றிச் செய்ததற்கு வினையேது?" எனின், அதற்கு விடை எம் சோழநாட்டிலேயே உள்ளது. திருவாரூரில் அரசிளங்குமரன் தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அறியாது புகுந்து இறந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் திருநகரச் சிறப்பில் விரித்தோதினர். அவ்வரலாற்றைக் காட்டும் கற்றேர் இன்றும் ஆரூரில் உளது. அக்குமரனும் கருதிச் செய்திலன். கன்று தானே பாய்ந்தது. அமைச்சர் கழுவாய் கூறினர், அரசன் ஏற்றிலன். இவ்வரலாற்றைப் பலகாற் படித்தும் யாம் நோக்காது விட்டதொன்று உண்டு. கன்று தன் வினையால் இறந்தது என்று கூறி வழக்கை முடித்தல் அவ்வரசனுக்கு எத்துணை எளிது! வினைக்கொள்கையை அறியாத அரசனோ அவன்? அறிந்திருந்தும், அரண்மனை மணியை அடித்த ஆவின்முன் அவ்விடையை அவன் நாவாற் சொல்லவில்லை. கன்றின் வினை கன்றுக்கும் முதல்வனுக்கும் இடைப்பட்டது. மணியோசை அவன் செவிக்கு வந்தது. கிளி மணியடிக்கவில்லை, ஒற்றைக்காலில் நின்றது. அவ்வளவே வேற்றுமை. தேரோட்டி வரும் ஒருவன் கன்றின் பாய்ச்சலைக் காணாமை ஒருவகை அறியாமை. ஐந்தாண்டு கண்முன் நின்ற காலை உற்றுநோக்காமையும் கேட்டறியாமையும் மற்றொருவகை. பின்னதற்கு மன்னிப்புக் குறைவு என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இனி, யாம் கிளியிடத்து வைத்த அன்பு பொய்யோ எனின், பொய்யன்று. ஆயின் அதற்குப் பெயர் யாது? உலகவழக்கில் "பிள்ளைகளுக்குக் கிளியினிடத்துப் பாசம் மிகுதி" என்போம். சித்தாந்தத்தில் பாசமாவது கட்டு. உலகவழக்கும் நூல்வழக்கும் இச்சொல்லில் தற்செயலாகச் சந்தித்தன என்று யாம் இதுகாறும் எண்ணியிருந்தேம். இப்பொழுது அங்ஙனம் எண்ணவில்லை. அதன் குரலை விரும்பினேம், நிறத்தை விரும்பினேம், அது சொல்லிய திருப்பெயரால் எம் மனைக்கு வந்த புகழை விரும்பினேம். அதன் உள்ளங்காலை ஒருநாளும் திருப்பிப் பார்த்திலேம். அருளாவது, தனக்கு ஒன்றும் தாராத இடத்தையும் திருப்பிப் பார்ப்பது. கிளியின் உள்ளங்கால் யாருக்கும் இனிமை தருவதன்று.

ஈண்டு ஓர் உவமையைப் பற்றியும் சொல்லல் வேண்டும். உடலைக் கூண்டாகவும் உயிரைக் கிளியாகவும் வைத்துப் பேசுதல் சொற்பொழிவாளர்க்கு வழக்கம். கேட்க இனிது, ஆயினும் சித்தாந்தத்திற்கு முற்றும் ஒவ்வாது. மாயையினின்றும் இறைவன் ஆக்கித் தரும் உடல், ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்குச் சிறிது விளக்கம் தரும் விளக்காக உதவுவது. உயிரின் பொருட்டே தரப்பட்டது. யாம் ஆக்கிய கூண்டோ கிளியின் பொருட்டு ஆக்கப்பட்டதன்று. இறைவன் தந்த கூட்டைச் சொல்லி மனிதன் செய்த கூட்டை இயல்பாக்கிவிடும் தீங்கு அவ்வுவமையில் உள்ளது. திருவாசகத்தில் திருத்தசாங்கம் முழுதும் கிளியை முன்னிலையாக்கி இறைவன் பேரும் நாடும் ஊரும் வினவுதலை அறிவோம்.  மதுரைத் திருக்கோயிலிற் கிளிக்கூட்டு மண்டபம் என்னும் பெயர், முன்னாளில் அங்குக் கிளிகள் கூண்டுகளில் வளர்க்கப்பட்டமையால் வந்தது. பெயர் நிற்கின்றது, கூண்டுகள் நீங்கின. நீங்கியது நன்றே.

மருத்துவர் பிறிதொன்றும் சொல்லினர். பசுங்கிளி 1972-ஆம் ஆண்டு வனவுயிர் காப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுவது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாம் அட்டவணையில் வைத்தது. பிடித்தலும் விற்றலும் வீட்டிற் கூண்டிலடைத்தலும் குற்றம். யாம் விலைக்கு வாங்கவில்லை, புயலில் எடுத்தேம் என்றேம். "எடுத்தது குற்றமன்று, அறிவியாது வைத்திருந்தது குற்றம்" என்றனர். 2024-ஆம் ஆண்டு ஏப்பிரலில் கடலூர்ப் பக்கத்தில் கிளிச்சோதிடர் இருவரை வனத்துறையார் பிடித்துக் கிளிகளை மீட்ட செய்தி வந்தபொழுது, எம்மூரிற் பலர் ஏழைகளின் பிழைப்பிற் கைவைத்தனரே என்று வருந்தினர். அவ்வருத்தத்தில் யாமும் பங்குகொண்டேம். ஆயினும் அச்சோதிடர் கூண்டிற்கும் எம் கூண்டிற்கும் வேற்றுமை யாது என்று எண்ணியபோது, அவர்க்கு வயிறு ஒரு காரணமாகவேனும் இருந்தது. எமக்கு அதுவும் இல்லை என்பதே விடையாயிற்று.

காலாறிய கிளியைத் திறந்துவிடலாமோ எனின், வளைந்த சிறகோடு விடுதல் பூனைக்கு இடுதலாம். ஆகவே வனத்துறை அலுவலகத்திற்கு எழுதி, அவர்கள் வந்தபோது ஒப்புவித்தேம். உணவுப் பழக்கத்தையும் எந்தக் கால் நோயுற்றது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேம். பிள்ளைகள் அழுதனர். எமக்கும் துயரே, அத்துயர் கிளிக்காகவோ, காலையில் அக்குரல் கேளாமைக்காகவோ என்று பிரித்தறியக் கூடவில்லை.

பெரியாரிடம் இவ்வளவும் கூறினேம். அவர் உடன்பட்டிலர். "புயலில் முறிந்த சிறகு உம்மால் வந்ததன்று, அன்று அதனைத் தோப்பிலேயே விட்டிருந்தால் ஐந்தாண்டுக் கூண்டும் கால்நோவும் அதற்கு இல்லை, உம் அருள் அதற்குச் செய்தது என்ன?" என்று வினவினர். வலிய வினா. விட்டிருந்தால் அன்றிரவே அது நாய்க்கு இரையாகியிருக்கும் என்றேம். அதுவும் ஒருகணத்து நோவே. ஐந்தாண்டு நோவன்றே என்றனர். எடுத்தது பிழையன்று, எடுத்தபின் கோலை நோக்காமையே பிழை என்பது எம் துணிபு. அவர் துணிபு வேறு. வருகின்ற ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றிற் கூடும்பொழுது மீண்டும் பேசுவதாக இருக்கின்றேம்.

வெறுங்கூண்டை அயல்வீட்டார் தம் பேர்த்திக்கென்று கேட்டனர். கொடுத்திலேம். கம்பிகளைக் கழற்றிக் கொல்லையில் அவரைக்கொடிக்குப் பந்தலிட்டிருக்கின்றேம். மாலைவேளைகளில் தோப்புக்கிளிகள் அதன்மேல் வந்து பிஞ்சுகளைக் கடித்துப்போடுகின்றன.